கப்பல் எரிந்த கதையும் கரை எரிந்த கதையும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் 1917இல் நடந்த வெடிப்பைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களால் இம்முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகன் ஹலிஃபக்ஸில் படிக்கப் போயிருக்கிறான். அந்த வெடிப்பைப் பற்றி அங்கே நிறையப் புத்தகங்கள் இருக்கிறதாம். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்கச் சொல்லலாம்?
— வாசகி, உப்புவெளி

ஜனெற் கிற்ஸ் எழுதிய 'ஷட்டர்ட் சிற்றி'. 1989இல் வந்தது. ஏன் அதைச் சொல்கிறேன் என்று எழுத முதல், நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன்.

முதலாம் உலகப் போர்க் காலம். மோன் பிளான் என்ற பிரெஞ்சுக் கப்பல் நியூயோர்க்கில் வெடிமருந்து ஏற்றிக்கொண்டு, மற்றக் கப்பல்களோடு சேர்ந்து பாதுகாப்பாய் அத்திலாந்திக்கைக் கடப்பதற்காக ஹலிஃபக்ஸுக்கு வந்தது. உள்ளே ஏறத்தாழ 2,300 தொன் பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்தும் 200 தொன் ரி.என்.ரி.யும். போதாததற்கு மேல்தட்டில் பீப்பாய் பீப்பாயாய் பென்சோல் என்ற தீப்பற்றும் எண்ணெய். டிசம்பர் 6, வியாழக்கிழமை காலை. துறைமுகத்தின் நடுவே நரோஸ் என்ற ஒடுங்கிய பகுதி இருக்கிறது. அந்த இடத்தில், எதிரே வந்த இமோ என்ற நோர்வேக் கப்பலோடு இது மோதியது. பெரிய மோதலென்று சொல்ல முடியாது. ஆனால் பீப்பாய்கள் உடைந்து பென்சோல் ஒழுக, இரும்போடு இரும்பு உரசிய பொறியில் தீப் பற்றிக்கொண்டது. மாலுமிகள் வள்ளங்களில் ஏறி எதிர்க்கரைக்குத் தண்டு வலித்தார்கள். ஆளில்லாத கப்பல் எரிந்தபடியே 6ஆம் இறங்குதுறைப் பக்கம் ஒதுங்கிப் போய் 9.04க்கு வெடித்தது. கரையோரத்து றிச்மண்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பு மண்ணோடு மண்ணாகியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000. காயப்பட்டவர்கள் 9,000. அடுத்த நாள் பனிப்புயல் வேறு. கப்பலின் நங்கூரத் தண்டு, அரைத் தொன்னுக்கும் மேல் பாரம், மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் போய் விழுந்தது.

தீக்கும் வெடிப்புக்கும் இடையில் ஏறக்குறைய இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடமும் ஊர்ச்சனம் என்ன செய்தது தெரியுமா? வீட்டு யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கப்பல் எரிவதைப் பார்த்தது. பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிய தாய்மாரும் இருந்திருப்பார்கள்தானே. வெடித்தபோது அத்தனை கண்ணாடியும் முகத்தில் வந்து இறங்கியது. ஒரே நேரத்தில் அத்தனை பேர் கண்ணை இழந்த ஊர் உலகத்தில் வேறு உண்டோ என்று தேட வேண்டும்.

இனிப் புத்தகத்துக்கு வருவோம். 1912இல் ரைற்றானிக் மூழ்கியபோது மீட்கப்பட்ட உடல்களில் பெரும்பகுதி ஹலிஃபக்ஸுக்குத்தான் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு உடலுக்கும் ஓர் இலக்கம், அந்த உடலில் கிடைத்த சாமான்களை அதே இலக்கம் போட்ட பையில் கட்டி வைப்பது என்ற ஒழுங்கை அப்போது பாண்ஸ்ரெட் என்ற அதிகாரி ஏற்படுத்தினார். ஐந்து வருடம் கழித்து அவருடைய மகனே அதே முறையைத் தன் சொந்த ஊர்ச் சனத்துக்குச் செய்ய வேண்டி வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளம் பிணவறையானது. யாரும் வந்து கேட்காத பைகள் மிஞ்சிப்போய், மாகாண சட்டசபைக் கட்டடத்தின் நிலவறையில் பல பத்து வருடம் கிடந்தன. கிற்ஸ் அந்தப் பைகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பட்டியல் எடுத்தவர். சாவி, மோதிரம், பள்ளிப் பிள்ளை பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு போன சில்லறைச் சாமான். அந்தச் சாமானுக்குச் சொந்தக்காரர் யார், வீடு எங்கே, மிஞ்சியிருப்பவர் யார் என்று தேடிப் போனார். அப்போது உயிரோடிருந்தவர்களின் வீட்டுக்குப் போய் இருந்து கேட்டு எழுதினார். அவர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர், ஹலிஃபக்ஸுக்கு வந்து குடியேறியவர். வெளியிலிருந்து வந்த ஒருவர் ஊர்க்காரரின் பொக்கற்றுச் சாமானிலிருந்து ஊரின் கதையைக் கட்டியிருக்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் இருக்கும் மரியாதையை இந்தப் பக்கத்தில் எழுதி முடியாது.

மகன் இன்னொன்றும் வாங்க முடிந்தால், லோறா மக்டொனல்ட் எழுதிய 'கேர்ஸ் ஒஃப் த நரோஸ்'. 2005இல் வந்தது. வைத்தியர்களும் நிவாரண ரயில்களும் வந்து சேர்ந்த பகுதியை அதில் ஆறுதலாய்ப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் வரலாறு படிப்பவன் அல்ல. 'பரோமீற்றர் றைசிங்' என்ற நாவல் இந்த வெடிப்பைப் பற்றியது என்றார்கள். அதைப் படித்தால் போதாதா?
— வாசகர், ரொறன்ரோ

தாராளமாய்ப் படியுங்கள். ஹியூ மக்லெனன் அதை 1941இல் வெளியிட்டார். வெடிப்பு நடந்தபோது அவர் ஹலிஃபக்ஸில் பத்து வயதுப் பையன். தெரு, குன்று, கடற்காற்று எல்லாம் அவருக்குக் காலடியில் இருந்தவை. அது பக்கங்களில் தெரிகிறது. வெடிப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளாய்க் கதை நகரும். இந்த நாள் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே படிக்கிற தவிப்பு இருக்கிறதே, அதற்காகவே படிக்கலாம்.

ஆனால் அதில் முன்னால் நிற்பது வசதியான குடும்பத்துக் காதலும், போர்க்களத்தில் யார் தவறு செய்தார் என்ற வழக்கும், கனடா தன் காலில் நிற்கப்போகிற நாடு என்ற எண்ணமும். றிச்மண்ட் சனம் இரண்டாம் வரிசையில்தான். எதிர்க்கரையில் ரஃப்ஸ் கோவ் என்ற இடத்தில் மிக்மாக் ஆதிக்குடிகளின் சிறு குடியிருப்பு ஒன்று இருந்தது. வெடிப்பும், தண்ணீர் பொங்கி வந்த அலையும் அதைத் துடைத்துக்கொண்டு போயின. பிறகு அது திரும்பக் கட்டப்படவேயில்லை. ஹலிஃபக்ஸ் பற்றி எந்தப் புத்தகம் கையில் வந்தாலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது ரஃப்ஸ் கோவுக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான். நீங்களும் பாருங்கள்.

வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஏன் சிவப்புக் கொடி கட்டவில்லை? கடைசியில் யாருக்குத் தண்டனை கிடைத்தது?
— பாடசாலை மாணவன், மட்டிக்களி

போர்க்காலம் தம்பி. கொடி கட்டினால், இதோ வெடிமருந்து என்று எதிரிக்குக் காட்டிக் கொடுத்தது போலாகும். அதனால் பக்கத்தில் நின்ற கப்பல்களுக்கும் தெரியாது, தீயணைக்க ஓடி வந்தவர்களுக்கும் தெரியாது.

தண்டனை ஒருவருக்கும் இல்லை. இமோவின் கப்டனும், துறைமுகத்துக்குள் வழிகாட்ட அதில் ஏறியிருந்த வழிகாட்டியும் வெடிப்பிலேயே இறந்துபோனார்கள். முதல் விசாரணை முழுப் பழியையும் மோன் பிளான் பக்கம் போட்டது. அதன் கப்டன், வழிகாட்டி பிரான்சிஸ் மக்கி, துறைமுகக் கடற்படை அதிகாரி ஒருவர் ஆகிய மூவர் மேலும் வழக்கு வைத்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. கனடா உச்ச நீதிமன்றம் 1919இல் இரண்டு கப்பலும் சரிபாதி பிழை என்றது. அந்த நாளில் கனடாவுக்கும் மேல்நீதிமன்றமாய் இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சிலும் அதையே சொன்னது.

உன் வயதுக்கு இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்கிறேன். வின்ஸ் கோல்மன் என்ற ரயில்வே தந்தியாளர். கப்பலில் வெடிமருந்து இருப்பது தெரிந்ததும் ஓடத் தொடங்கியவர், ரயில் வரப்போகிறதே என்று திரும்பி வந்து தந்தி அடித்தார். ரயிலை நிறுத்துங்கள், கப்பல் வெடிக்கப்போகிறது, இது என் கடைசிச் செய்தியாக இருக்கும் என்று அடித்துவிட்டு அந்த இடத்திலேயே இறந்தார். சில புத்தகங்கள் அவர் தனியே முந்நூறு பயணிகளைக் காப்பாற்றினார் என்று எழுதும். அந்த ரயில் அன்று பிந்தித்தான் வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிற புத்தகத்தை நம்பு. அதனால் அவருடைய செயல் ஒரு துளியும் குறையாது.

நம் பக்கத்தில் இப்படி ஒன்றும் நடக்கவில்லையா?
— வாசகர், அன்புவழிபுரம்

ஏன் இல்லை? பம்பாய், 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டொக்கில் கட்டியிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல். ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருள், அதோடு கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள். பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! சமையலறையில் மண்ணெண்ணெய்ப் போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறவளைக்கூட நாம் ஏசுவோம். மத்தியானம் புகை கண்டார்கள், பின்னேரம் நாலு மணி கழிந்து இரண்டு தடவை வெடித்தது. தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் செத்தார்கள். இந்தியாவில் ஒவ்வொரு ஏப்ரல் 14இலும் தீயணைப்பு வாரம் தொடங்குவது அவர்களுடைய நினைவில்தான்.

தணிக்கை காரணமாக இந்தியப் பத்திரிகைகளில் மே மாதம் வரை செய்தி வரவில்லை. பம்பாய் எரிந்ததை முதலில் உலகுக்குச் சொன்னது ஜப்பானியர் பிடியிலிருந்த சைகோன் வானொலி. ஜோன் எனிஸ் எழுதிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று 1959இல் வந்தது. பழைய புத்தகக் கடையில் கண்டால் விடாதீர்கள்.

கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. மொத்தம் 124. வெடித்துச் சிதறிய கட்டிகள் பல பத்து வருடம் கழித்துக்கூடத் துறைமுகத்தைத் தூர் வாரும்போது அகப்பட்டன. எத்தனை தங்கக் கட்டி ஏற்றினார்கள் என்ற கணக்கு ஒன்று குறையாமல் இருக்கிறது. இறந்த ஆட்களின் கணக்கோ ஒரு புத்தகத்தில் 800, இன்னொன்றில் 1,300. மூட்டை சுமந்த கூலியாட்களை வேலைக்கு எடுத்தபோது யார் பெயர் எழுதினார்கள், செத்தபோது எழுத? எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும்.

2020 பெய்ரூட் வெடிப்பையும் சேர்க்கலாமா?
— வாசகி, மூதூர்

அது போர்க்காலக் கப்பல் அல்ல, களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று. இன்னொரு மாதம் தனியாய் எழுதுகிறேன்.

1942இல் ஜப்பான்காரன் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதைப் பற்றித் தமிழில் நல்ல புத்தகம் இருக்கிறதா? சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைத் தினமும் கடந்து போகிறேன், ஒன்றும் தெரியாமல்.
— வாசகர், சீனன்குடா

ஆங்கிலத்தில் மைக்கல் ரொம்லின்சன் எழுதிய 'த மோஸ்ற் டேஞ்சரஸ் மோமன்ற்' இருக்கிறது, 1976. ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை, அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல், எல்லாம் உண்டு. விமானம், கப்பல், தளபதி என்று போகிற போர் வரலாறு அது. அந்த வகையில் நல்லது.

உங்கள் தாங்கிகளுக்கு வருகிறேன். அன்று காலை ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு தாங்கியின் மேல் விழுந்து பற்றியது, ஏழு நாள் எரிந்தது என்பார்கள். உருகிச் சரிந்த இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. துறைமுகத்துக்குள் சகைங் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. பின்னர் கடலடியில் கிடந்த அதை நம் கடற்படைச் சுழியோடிகள் 2018இல் மிதக்கவைத்து அப்பால் கொண்டுபோனார்கள்.

என் அப்பா அப்போது டொக்யார்ட்டில் வேலை பழகிக்கொண்டிருந்த பெடியன். அவர் குண்டைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கொடியில் காயப்போட்ட வேட்டியில் எண்ணெய்க் கரி ஒட்டி, எத்தனை தரம் அடித்துத் தோய்த்தாலும் போகாமல் கிடந்ததைத்தான் சொல்வார். சம்பளப் புத்தகம் அலுவலகத்தில் இருந்ததாம், ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்து தங்கள் பெயர் வெட்டப்பட்டதா என்று பார்க்க வரிசையில் நின்றார்களாம். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நிலாவெளி வீதியில் போர் வீரர் மயானம் இருக்கிறது. கல்லில் பெயர் வெட்டி, புல் வெட்டி, அழகாய்ப் பராமரிக்கிறார்கள். அப்படித்தான் வேண்டும். அதே காலையில் செத்த நம் ஊர்க் கூலியாட்களின் பெயர்களை ஒன்றாய்ச் சேர்த்த தமிழ்ப் புத்தகம் ஒன்றை நூலகத்தில் வேலை செய்த இத்தனை காலத்தில் நான் கண்டதில்லை. கிற்ஸ் செய்த வேலையை இங்கே ஒருவரும் செய்யவில்லை.

என் அம்மம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. குண்டு போட்ட அன்று காட்டுப் பக்கம் ஓடினதாய்ச் சொல்லுவா. எழுதி வைக்க ஆசை. ஆனால் 'என்ன நடந்தது' என்று கேட்டால் 'எல்லாம் நடந்தது' என்று நிறுத்திவிடுகிறா. எப்படிக் கேட்பது?
— வாசகி, பாலையூற்று

பெரிய கேள்வி கேட்காதீர்கள் பிள்ளை. அன்று காலை அடுப்பில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எந்தப் பாதையால் போனீர்கள், யார் தூக்கிக்கொண்டு போனார், கையில் என்ன இருந்தது, ஆடு மாட்டை அவிழ்த்து விட்டீர்களா, இரவு எங்கே படுத்தீர்கள், திரும்பி வந்தபோது வீட்டில் என்ன குறைந்திருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு போதும். களைத்தால் விட்டுவிடுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள், ஆனால் கொப்பியிலும் எழுதுங்கள், கைபேசி உடைந்துவிடும். அவ சொல்கிற சொல்லையே எழுதுங்கள், நல்ல தமிழாக்க வேண்டாம். ஆட்களின் பெயர் வந்தால் தகப்பன் பெயர், தெரு, தொழில் எல்லாம் கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். டொக்யார்ட்டுக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

எழுதி முடிந்ததும் ஒரு பிரதியைப் பொது நூலகத்தில் கொடுங்கள், இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள். மற்ற வீடுகளில் இருக்கிறவர்களும் அனுப்பலாம், எழுத்துப் பிழை பார்த்துத் தட்டச்சு செய்கிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவவுக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.