அம்மாவின் வீட்டில் எத்தனை பேர்?

அன்புள்ள ஐயா,

தமிழ்நாட்டில் குடும்பங்கள் சிறுத்துவிட்டதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சராசரியாக ஒரு வீட்டுக்கு நாலு பேர்கூட இல்லை என்று சொல்லியிருந்தீர்கள். எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பையன், தம்பி. ஆனால் அண்ணன் குடும்பம் திருப்பூரில், தம்பி சிங்கப்பூரில், நான் கல்யாணமாகிச் சென்னையில். அப்பா காலமாகிவிட்டார். பட்டுக்கோட்டை பக்கம் ஊர் வீட்டில் அம்மா மட்டும்தான். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தால் ஐந்து பேர் என்றுதான் சொல்வாராம். "ஒத்தை ஆளுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்" என்கிறார். உண்மையைச் சொன்னால் கார்டு போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. அவர் ஐந்து என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னொன்று, கூட்டுக்குடும்பம் உடைந்ததால்தானே இந்த நிலை? இதில் பிள்ளைப்பேறு குறைந்ததை ஏன் இழுக்கிறீர்கள்?

சு., சென்னை

அன்புள்ள சு.,

உங்கள் அம்மா சொன்னதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே வீட்டை நாம் மூன்று விதமாக எண்ணுகிறோம், அதில் அவருக்குப் பழக்கமான கணக்கை அவர் சொல்கிறார், அவ்வளவுதான்.

முதல் கணக்கு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள் இல்லையா, அது. கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் ஊர்க் கணக்கில் அவன் பெயர் உண்டு, வரியும் வந்துவிடும். சரி, கணவரை இழந்து தனியாக இருக்கும் பெண்? ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். பல ஊர்களில் அவருக்கு அரை வரி, சில ஊர்களில் வரியே கிடையாது. இரக்கத்தில் செய்வதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நோட்டில் அவர் முழு வீடாக ஏறுவதில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது ரேஷன் கார்டு. பொங்கல் பரிசு கார்டுக்கு ஒன்று. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். இப்படி எல்லாமே கார்டைச் சுற்றி ஓடும்போது மக்கள் தங்கள் குடும்பத்தை அந்த அட்டையில் இருக்கிறபடியே நினைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பிள்ளைகள் பிழைக்கப் போய் பத்து வருஷமான பிறகும் பெயர் அதிலேயே இருக்கும். எடுத்தால் உறவே அறுந்துபோகிற மாதிரி ஒரு மனசு.

மூன்றாவதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்கு ஒரு குடும்பம் என்றால் வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். ரத்த உறவு வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி இரண்டு பேர் அடுப்பைப் பிரித்துக்கொண்டால் அங்கே இரண்டு குடும்பம். எந்த உறவும் இல்லாத நாலு பையன்கள் அறை எடுத்துச் சேர்ந்து சமைத்தால் அது ஒரு குடும்பம். 'அடுப்பு பிரிஞ்சாச்சு' என்று நம் ஊரில் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே இலக்கணம்தான்.

நான் பள்ளி ஆசிரியனாக இருந்தபோது 2011 பிப்ரவரியில் கணக்கெடுக்கப் போனேன். 9-ஆம் தேதி முதல் 28 வரை, பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், சுமார் நூற்றைம்பது வீடுகள். ஒரு வீட்டில் வயதான ஓர் அம்மா "நாலு பேர்" என்றார். திண்ணையில் ஒரு பாய், அலம்பிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு சின்னக் குண்டான். "இன்னைக்கு ராத்திரி யார் யார் சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் மட்டுந்தாம்ப்பா" என்றார். ஒன்று என்று எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த தெருவில் இன்னொரு வீடு, அங்கேயும் நாலு என்றுதான் சொன்னார்கள், இருட்டிவிட்டது, நான் திருப்பிக் கேட்காமல் நாலு என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாலு இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். 2001-இல் தமிழ்நாட்டில் 6 கோடியே 24 லட்சம் பேர், 2011-இல் 7 கோடியே 21 லட்சம் பேர். பத்து வருஷத்தில் 15.6 சதவீதம் கூடியது. அதே பத்து வருஷத்தில் குடும்பங்கள் சுமார் 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சம் ஆகிவிட்டன, அதாவது 30 சதவீத உயர்வு. ஆட்கள் பெருகியதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அடுப்புகள் பெருகியிருக்கின்றன. கூடுதலாக வந்த ஆட்களைக் கூடுதலாக வந்த குடும்பங்களால் வகுத்துப் பாருங்கள், ஒரு புதுக் குடும்பத்துக்கு இரண்டே கால் ஆள்தான் வருகிறது! அதனால்தான் வீட்டுக்கு 4.4 ஆக இருந்த சராசரி 3.9-க்கு இறங்கியது. மக்கள்தொகை பெருகுவது மெதுவாகிவிட்டது என்று நிம்மதியாகப் பேசுகிறோம், ஆனால் ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு சிலிண்டர், ஒரு மின் இணைப்பு, ஒரு குடிநீர்க் குழாய் வேண்டும். ஆள் கூடாமலே இவை எல்லாம் கூடிக்கொண்டே போகும்.

கூட்டுக்குடும்பம் உடைந்ததுதான் காரணம் என்கிறீர்கள். பாதி சரி. இந்தப் பேச்சில் எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. பழி எப்போதும் வீட்டுக்கு வந்த மருமகள்மேல்தான் போய் விழும். கல்யாணமான மகனைத் தனிக்குடித்தனம் வைப்பது தமிழ்நாட்டில் புது வழக்கமா என்ன? பாத்திரம் பண்டம் வாங்கி, நல்ல நாள் பார்த்து, மாமியாரே முன்னால் நின்று பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்த வீடுகள் எத்தனை. பழைய வீடுகள் நிறைந்திருந்ததற்குப் பெரிய காரணம் குழந்தைகள். ஒரு தாய்க்கு ஆறு, ஏழு. தாத்தா பாட்டி பேரன் பேத்தி என்று மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சியை நாம் மிகைப்படுத்தி நினைக்கிறோம், ஏனென்றால் 1941–51 காலத்தில் இந்தியாவில் சராசரி ஆயுளே சுமார் 32 வருஷம்தான். குழந்தைகள் நிறைய இறந்ததால் அந்த எண் அவ்வளவு தாழ்ந்தது, உண்மைதான். ஆனாலும் பேரனைப் பள்ளிக்கு அனுப்பும்வரை இருந்த தாத்தாக்கள் இன்றைக்கு இருக்கிற அளவுக்கு அன்று இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1992–93-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 குழந்தை. 2019–21-இல் 1.8. தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை அப்படியே நிலைக்க 2.1 வேண்டும். இதைத்தான் பிள்ளைப்பேறு என்று இழுத்தேன். உங்கள் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் மூன்று ஊரில். ஆறு பேர் இருந்திருந்தால் ஒருவராவது ஊரில் தங்கியிருக்கலாம். குழந்தைகள் குறைவு, பிழைப்பு வெளியூரில், பெரியவர்களுக்கு ஆயுள் கூடியிருக்கிறது. மூன்றும் ஒரே வீட்டில் சேரும்போது எண்பது வயதில் ஒருவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் மாநிலம் முழுவதும் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் 1035. நீலகிரியில் 1042, அங்கே 2001-இல் இருந்ததைவிட மக்கள்தொகையே குறைந்துவிட்டது. பெண்கள் திடீரென்று அதிகம் பிறந்துவிடவில்லை. ஆண்கள் வேலை தேடி வெளியே போயிருக்கிறார்கள், வயதான காலத்தில் மிஞ்சுவதும் பெண்கள்தான்.

அப்புறம், யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்களே. முதல் நஷ்டம் திருப்பூருக்கு. உங்கள் அண்ணன் குடும்பத்துக்குத் தண்ணீர், பள்ளிக்கூடம், சாக்கடை எல்லாம் அங்கேதான் வேண்டும். அம்மா அவர்களை ஊரில் எழுதவைத்து, திருப்பூரிலும் எழுதிக்கொண்டால் மூன்று பேர் இரண்டு தடவை எண்ணப்படுவார்கள். ஊரிலேயே எழுதியாகிவிட்டது என்று அங்கே சொல்லாமல் விட்டால் இருக்கிற ஊரில் அவர்களே இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி இந்தக் கணக்கில் எங்கேயுமே வரமாட்டார், வெளிநாட்டில் வசிப்பவர்களை இது எண்ணுவதில்லை.

பெரிய நஷ்டம் அம்மாவுக்கேதான். 2011-இலேயே தமிழ்நாட்டில் 10.4 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், இந்தியா முழுவதற்கும் அது 8.6. இப்போது இன்னும் கூடியிருக்கும். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்தது. ரேஷன் பொருளை முதியவர்களின் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. இப்படிப்பட்ட வேலைகளுக்கு எத்தனை ஆள் வேண்டும், எந்த ஊரில் வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடும்போது தனியாக இருக்கும் முதியவர்களின் எண்ணிக்கை வேண்டும் இல்லையா? உங்கள் அம்மா ஐந்து என்று சொன்னால் அந்தத் தாளில் அவரைச் சுற்றி ஒரு மகன், மருமகள், பேரன், இன்னொரு மகன் இருப்பார்கள். ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் இருப்பதாகத்தான் அந்தத் தாள் சொல்லும்.

கார்டு பயத்துக்கு நேரடிப் பதில். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அந்தப் படிவத்தில் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் பார்க்க முடியாது, வழக்குகளில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. வருகிறவர் ரேஷன் கார்டைச் சரிபார்க்க வரவில்லை. அதில் பெயர் நீக்குவதும் சேர்ப்பதும் தனி வேலை, அதை நீங்கள் மூவரும் உங்களுக்குள் பேசி நிதானமாக முடிவு செய்யுங்கள்.

இந்த முறை வீட்டுப் பட்டியல் 2026-லும் ஆள் கணக்கு 2027 பிப்ரவரியிலும் என்று அறிவித்திருக்கிறார்கள். விவரங்களை நாமே இணையத்தில் நிரப்பும் வசதியும் உண்டு. தயவுசெய்து நீங்களோ அண்ணனோ அம்மாவுக்காக வெளியூரிலிருந்து ஐந்து பேர் என்று நிரப்பிவிடாதீர்கள். முடிந்தால் அந்த நாட்களில் ஒரு நடை ஊருக்குப் போய்வாருங்கள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க" என்று யாராவது கேட்டால் அம்மா மூன்று என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும். "இந்த அடுப்புல எத்தனை பேர் சாப்பிடுறீங்க" என்பது வேறு கேள்வி, அதற்கு ஒன்று என்று சொல்வதால் அந்த மூன்று குறையாது. இதை இப்படியே அவரிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம் வரும். காலமான கணவரின் பெயரையோ வெளிநாட்டில் இருக்கும் மகனின் பெயரையோ சொன்ன அம்மாக்களை 2011-இல் நிறையப் பார்த்தேன். ஊர் நோட்டில் அரை வரியாக இருக்கும் வீடும் இந்தப் படிவத்தில் முழுதாக ஒரு குடும்பம்தான், அங்கே வசிப்பவர்தான் அதற்குத் தலைவர். அந்தக் கட்டத்தில் உங்கள் அம்மா தன் பெயரையே சொல்லட்டும்.

அன்புடன்.