கீமோ எடுப்பவர்களுக்குப் புரோபயாடிக் உதவுமா?

டர்பனில் நம்ம வீடுகளில் யாருக்காவது புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கினால், 'தினமும் மாஸ் (இங்கே குடிக்கும் புளித்த பால்) குடிங்க, வயிறு ஆறும்' என்கிறார்களே, சரியா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவு சரி.

போதுமான அளவில் உள்ளே போனால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள்தான் புரோபயாடிக். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கும். சில நாளுக்கு ஒருமுறை புதுசாகும் குடலின் உள்தோலும் அதில் மாட்டிக்கொள்வதால் அது புண்ணாகி, நல்ல கிருமிகளும் குறைந்து வயிற்றுப்போக்கு வருகிறது. களைக்கொல்லி அடித்த பாத்தியில் கீரையும் சேர்ந்து கருகுகிற மாதிரி. அந்த வெறும் மண்ணில் களை முந்துவதற்குள் நல்ல நாற்றை நடுவதுதான் இந்த யோசனை. இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களிடம் லாக்டோபாசிலஸ் என்ற, பாலைப் புளிக்க வைக்கும் நல்ல கிருமி வகைகள் வயிற்றுப்போக்கைக் குறைப்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு, கீமோ மட்டும் எடுப்பவர்களுக்கு அது இன்னும் பலவீனம்தான். அப்புறம், குமட்டலுக்கோ முடி கொட்டுவதற்கோ இதை நம்ப வேண்டாம்.

'சாப்பாடுதானே, என்ன கெடுதல்?' என்பது தவறு: வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும் நாட்களில் அதே நல்ல கிருமி ரத்தத்தில் புகுந்து தொற்றாகலாம், அதனால் புரோபயாடிக் மாத்திரையோ காய்ச்சாத பாலில் புளித்த மாஸோ, டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.