ராகமாலா படிப்பதா வேண்டாமா: உங்கள் வீட்டு அகண்ட பாடம் பற்றி

வணக்கம் சகோதரி. லூதியானாவில் உங்கள் புகுந்த வீட்டில் அகண்ட பாடம், அதாவது சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபை இடைவிடாமல் முழுவதும் படிக்கும் வழிபாடு, வைத்திருக்கிறீர்கள். தம்தமி டக்சால் என்ற சீக்கிய அமைப்பின் வழியில் வந்த மாமனார் ராகமாலா படித்தே முடிக்க வேண்டும் என்கிறார், அகண்ட் கீர்த்தனி ஜத்தா என்ற இன்னொரு சீக்கிய அமைப்பில் இருக்கும் கொழுந்தனார் அப்படியானால் எழுந்து போய்விடுவேன் என்கிறார். இதுதானே சிக்கல்?

இருவரில் யாரையும் பிடிவாதக்காரர் என்று நினைக்காதீர்கள். ராகமாலா என்பது குரு கிரந்த் சாஹிபின் 1430 பக்கங்களில் கடைசியாக வரும் சிறு பகுதி. அது குருவின் வாக்கா இல்லையா என்பது பழைய விவாதம். 1945-இல் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்ற ரஹித் மரியாதா என்ற சீக்கிய நடத்தை விதித்தொகுப்பே இதில் ஒரு பக்கம் சாயவில்லை. ராகமாலாவுக்கு முன்பு வரும் நிறைவுப் பகுதியான முந்தாவணியோடு முடிக்கலாம், ராகமாலாவோடும் முடிக்கலாம், அந்தந்த இடத்து வழக்கப்படி என்கிறது. ஆனால் ராகமாலாவை விட்டுவிட்டு கிரந்தத்தை அச்சிடக் கூடாது என்றும் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அதனால் வீட்டு வழக்கம் மாமனாருடையது என்றால் அப்படியே நடக்கட்டும். கொழுந்தனாரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், முந்தாவணி முடிந்ததும் பாடம் படிப்பவர் ஒரு மூச்சு நிறுத்தினார். இரண்டு பேர் தலை வணங்கி லங்கர் என்னும் பொதுச் சமையல் நடக்கும் பக்கம் போனார்கள், அர்தாஸ் என்னும் நிறைவுப் பிரார்த்தனைக்குத் திரும்பி வந்து நின்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் சாப்பாடு. கொழுந்தனார் சர்ப்லோஹ் என்னும் இரும்புப் பாத்திர விரதம் காப்பவரா என்று கேளுங்கள். ஆம் என்றால் இரும்புப் பாத்திரத்தில், அமிர்தம் எடுத்தவர் (சீக்கிய தீட்சை பெற்றவர்) சமைத்ததைத்தான் உண்பார். ஒரு இரும்புக் கடாயைத் தனியே எடுத்து வையுங்கள்.