ஷஹ்ர்-எ ஃபராங் பெட்டி: படம் மங்குவதும் சுருள் ஒதுங்குவதும்

நண்பரே, நீங்கள் செய்யும் ஷஹ்ர்-எ ஃபராங்கில், அதாவது உருளைகளில் சுற்றிய படச்சுருளை லென்ஸ் வழியே எட்டிப் பார்க்கும் ஈரானியப் படப்பெட்டியில், படம் மங்குகிறது, சுருள் ஒதுங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெட்டியின் ஆழம் 40 செ.மீ., லென்ஸின் குவியத்தூரம் 25 செ.மீ. என்கிறீர்கள். படம் மங்குவது அதனால்தான். குவியத்தூரத்தைத் தாண்டி நிற்கும் படம் கண்ணுக்குத் தெளியாது. உருளைகளை முன்னே நகர்த்தி, லென்ஸிலிருந்து 23–24 செ.மீ.யில் படம் நிற்கும்படி செய்யுங்கள். அல்லது 2.5 பவர் குவிலென்ஸ் (குவியத்தூரம் 40 செ.மீ.) போட்டு, படத்தை 38 செ.மீ.யில் வையுங்கள்.

சுருள் ஒரு பக்கமாக ஏறுகிறதென்றால் உருளைகள் இணையாக இல்லை. இரு முனைகளிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். சிறு சாய்வும் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து ஓரத்தை மடக்கிவிடும்.

உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு; வெளிச்சம் படத்தின் மேல் மட்டும்.

குவிமாடம் வைத்த கோட்டை வடிவத்தைத் தயவுசெய்து கைவிடாதீர்கள். கீழைநாட்டு மாளிகைக்குள் எட்டிப் பார்த்தால் ஐரோப்பிய நகரம் தெரிவதுதானே இதன் அழகு, ‘ஷஹ்ர்-எ ஃபராங்’ என்ற பெயருக்கும் ‘ஐரோப்பிய நகரம்’ என்பதுதான் பொருள்!