தூண்டில் போட ஒரு வகுப்பா?

அன்புள்ள ஐயா,

பொல்கொட ஏரியைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஜனவரியில் டொரண்டோவில் இருக்கும் மகளிடம் போய் ஆறு மாதம் தங்கப் போகிறேன். அங்கே ஒரு தூண்டில் சங்கத்தில் ஃபிளை ஃபிஷிங், அதாவது இரைக்குப் பதில் பொய்ப்பூச்சி கட்டித் தூண்டில் போடுவது, சொல்லிக்கொடுக்கிறார்களாம். ஃபிளை கட்ட ஒரு வகுப்பு, வீச ஒரு வகுப்பு, தடி செய்ய ஒரு வகுப்பு. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். எல்லாவற்றிலும் சேரலாமா? "முகத்துவாரத்துச் சின்னப்பிள்ளையும் தூண்டில் போடுகிறது, அதற்குப் போய்க் காசு கொடுத்து வகுப்பா?" என்று மனைவி சிரிக்கிறார். கற்றுக்கொண்டு வந்தால் இங்கே பயன்படுமா?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

வீசும் வகுப்புக்குத் தயங்காமல் பணம் கட்டுங்கள். ஃபிளை கட்டும் வகுப்புக்கு, முடிந்தால், பேச்சுத்துணைக்காகப் போங்கள். தடி செய்வதை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. முகத்துவாரத்துப் பிள்ளை தங்கூசியின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டிச் சுழற்றி எறிகிறது. குண்டு பறக்கிறது, தங்கூசி அதன் பின்னால் போகிறது. ஃபிளை அப்படியல்ல. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிய பொய்ப்பூச்சி அது. எத்தனை பலமாக எறிந்தாலும் காலடியில்தான் விழும். ஆகவே எடையைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு. எடைக்கேற்பக் கயிற்றுக்கு இலக்கம் உண்டு, தடிக்கும் அதே இலக்கம்தான். 5ஆம் இலக்கக் கயிற்றின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம், 8ஆம் இலக்கம் என்றால் 13.6 கிராம். இந்தக் கயிறு முதலில் உங்கள் முதுகுக்குப் பின்னால் காற்றில் நீண்டு விரிய வேண்டும். விரிந்து முடிகிற கணத்தில் அதை முன்னால் செலுத்த வேண்டும். முந்தினால் கயிறு சொடுக்கி ஃபிளை அறுந்து போகும். பிந்தினால் பின்னாலேயே சரிந்து புல்லில் மாட்டும்.

ஆக, வேலையில் பாதி உங்கள் கண்ணுக்குப் படாத பக்கத்தில் நடக்கிறது. காசு கொடுப்பது அந்தப் பாதிக்குத்தான். மணிக்கட்டு வேண்டாத இடத்தில் வளைவது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கு உடனே தெரியும். யூடியூப்பில் எத்தனையோ பேர் அருமையாக வீசிக் காட்டுகிறார்கள். அவர்களில் ஒருவரும் நீங்கள் வீசுவதைப் பார்க்கப் போவதில்லை. குளிர்காலத்தில் இந்த வகுப்புகளைப் பள்ளிக்கூட உள்ளரங்குகளில் நடத்துவது வழக்கம். ஃபிளைக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, தண்ணீரே இல்லாத தரையில் வீசச் சொல்வார்கள். வெட்கப்படாதீர்கள். முள் கட்டிய பிறகு தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீச வேண்டாம், கண் போய்விடும்.

ஃபிளை கட்டுவது வேறு குணமுள்ள வேலை. முள் வைஸ் என்ற மேசைப்பிடியில் அசையாமல் இருக்கிறது, தவறு கண்ணெதிரே தெரிகிறது, பிடிக்காவிட்டால் பிளேடால் அறுத்துவிட்டு மறுபடி சுற்றலாம். வீட்டில் தனியாகவே படிக்கலாம். ஆனாலும் அந்த மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் எந்த மாதத்தில் எந்தப் பூச்சி ஆற்றில் பொரிக்கும், மீன் அதை எந்த ஆழத்தில் தின்னும் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பேச்சுக்காகப் போகலாம்.

இறகைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் மிதக்கும் ஃபிளைக்கு வேண்டிய நீண்ட, விறைப்பான கழுத்திறகு அதற்கென்றே இனம்பிரித்து வளர்க்கப்படும் சேவல்களிடம்தான் கிடைக்கும். நம் சந்தைச் சேவலின் இறகு குட்டை, மென்மை; அமிழும் ஃபிளைக்கு அதுவே நல்லது. சால்மன் மீனுக்கான பழைய ஃபிளைகளில் மினுங்கும் கண் போன்ற இறகு தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியுடையது. அந்த ஆசையில் நமது காட்டுக்கோழியின் இறகைத் தேடிப் போகாதீர்கள். அது தேசியப் பறவை, அதன் கழுத்தில் அந்தக் கண்ணும் இல்லை.

தடி செய்யும் வகுப்பில் வெறுந்தடியில் வளையங்களை நூலால் சுற்றி எபொக்சி பசை பூசச் சொல்லித்தருவார்கள். மூங்கில் தடி என்றால் ஆறு கீற்றுகளை முக்கோணமாகச் சீவி அறுகோணமாக ஒட்ட வேண்டும். அழகான வேலைதான். ஆனால் எந்தத் தடி உங்கள் கைக்கு ஒத்துவரும் என்று தெரிவதற்கு முன்பே ஒன்றைச் செய்து என்ன பயன்?

இங்கே பயன்படுமா என்றால், அங்கே ஃபிளையால் பிடிக்கும் ட்ரவுட் மீனை மறந்துவிடுங்கள். வெள்ளைக்காரர் மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் அது. ஹோர்ட்டன் சமவெளியில் இன்றும் இருக்கிறது, அங்கு மட்டுமே வாழும் ஒரு சிறு இறாலுக்குத் தொல்லையாக. 1988 முதல் அது தேசியப் பூங்கா. தூண்டிலோடு உள்ளே போக நினைக்க வேண்டாம். நமக்குக் கொடுவா இருக்கிறது, பாரை இருக்கிறது. பொல்கொடவிலோ மட்டக்களப்பு வாவியிலோ கண்டல் வேர்களின் ஓரமாக, சிறுமீன் போலக் கட்டிய ஃபிளையை இழுத்துப் பாருங்கள். அதற்கு 8ஆம் இலக்கத் தடி வேண்டும். கனடாவில் ட்ரவுட்டுக்கு 5ஆம் இலக்கத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். அதைச் சங்கத்திடம் இரவல் வாங்கிக்கொண்டு, உங்கள் பணத்தில் நான்கு துண்டாகக் கழலும் 8ஆம் இலக்கத்தை வாங்குங்கள். பெட்டிக்குள் அடங்கும்.

டொரண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ட்ரவுட் ஆறுகள் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில்தான் திறக்கும். வெளிநாட்டவருக்கும் உரிமம் தேவை. அங்குள்ள கிராண்ட் ஆற்றின் சில பகுதிகளில் பிடித்த மீனைத் திரும்ப விட்டேயாக வேண்டும். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், குழம்புக்கு மசாலா அரைத்துவிடப் போகிறார்.

திரும்பி வந்ததும் வெள்ளவத்தைக் கரையில் பழகாதீர்கள். முதுகுக்குப் பின்னால் ரயில் பாதை. மிதிபலகையில் தொங்கி வருகிறவர் யாராவது மாட்டிக்கொள்வார். காலிமுகத்திடலுக்குப் போங்கள். முள் வேண்டாம், கம்பளி நூல் போதும். அதிகாலையில் கடற்காற்று எழும்பியிருக்காது. பட்டம் விடுகிறவர்களும் மாலையில்தான் வருவார்கள்.