தன் பாட்டைப் பாட மறுத்தவர்

அன்புள்ள ஐயா,

கல்லூரி விடுதியில் அறைத்தோழன் வைத்திருந்த ஒரு கேசட்டில்தான் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழு எனக்கு அறிமுகம். இருபத்தைந்து வருடமாகக் கேட்கிறேன். அண்மையில்தான் அவர்களுடைய கதையைத் தேடிப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்தப் பாட்டுகளை எழுதிய ஜான் ஃபோகர்ட்டி, குழு கலைந்தபின் பல வருடம் அவற்றை மேடையில் பாடவே மறுத்திருக்கிறார். கூடவே வாசித்த சொந்த அண்ணன் டாம் இறக்கும்வரை இருவருக்கும் சமாதானம் ஆகவில்லை. 1993இல் பெரிய கௌரவம் கிடைத்த மேடையில்கூட பழைய தோழர்கள் இருவரையும் தன்னோடு வாசிக்க விடவில்லை. இவ்வளவு வீம்பு பிடித்தவரின் பாட்டை இனி எப்படிக் கேட்பது? இன்னொன்று. லூசியானாவின் சதுப்பு நிலத்தைப் பாடியவர்கள் கலிஃபோர்னியாக்காரர்களாமே. அப்படியானால் அதுவும் பொய்தானா?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். பொய் இல்லை. நால்வரும் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள எல் செரிட்டோ என்ற சிற்றூர்க்காரர்கள். 'ப்ரவுட் மேரி'யை எழுதியபோது ஜான் மிசிசிப்பி ஆற்றைப் பார்த்ததே இல்லை. தென்மாநிலங்கள் அவருக்கு ரேடியோ வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் வந்து சேர்ந்தன. ஹவுலிங் உல்ஃப் என்ற ப்ளூஸ் பாடகரின் குரலைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு அந்த மண் உள்ளே இறங்கிவிட்டது. 'கிரீன் ரிவர்' பாட்டில் வரும் ஆறோ நிஜமாகவே அவருடையது. கலிஃபோர்னியாவில் விண்டர்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓடும் பியூட்டா ஓடை அது. சின்ன வயதில் குடும்பத்தோடு கோடை விடுமுறைக்குப் போன இடம். 'கிரீன் ரிவர்' என்ற பெயர் மட்டும் அவர் குடித்த ஒரு சோடா பானத்தின் பெயர்.

சரி, வீம்புக்கு வருவோம். உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கும் அந்த வருத்தம் இருந்தது. ஆனால் நீங்கள் இரண்டு சண்டைகளை ஒன்றாக்கிப் பார்க்கிறீர்கள். ஒன்று இசைத்தட்டு கம்பெனியோடு. மற்றது அண்ணனோடும் பள்ளித் தோழர்களோடும். முதலாவதில் நியாயம் ஜான் பக்கம் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டாவதில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பதுதான் அவருடைய துயரம்.

1959இல் ஜான் ஃபோகர்ட்டி, டக் கிளிஃபர்ட், ஸ்டூ குக் மூவரும் ஒரே பள்ளியில் படித்த பையன்கள். புளூ வெல்வெட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். ஜானைவிட மூன்றரை வயது மூத்த டாம் அப்போதே பாடகர். தம்பியின் குழுவைப் பின்னால் வாசிக்க வைத்து அவர் முன்னால் நின்று பாடினார். பிறகு மெல்ல மெல்ல அந்த இடத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ரிதம் கிதாரோடு ஒதுங்கிக்கொண்டார். தனக்கும் பாட வரும், ஆனால் ஜானிடம் வேறொரு ஒலி இருந்தது என்ற பொருளில் டாம் பின்னாளில் பேசியிருக்கிறார். ஜான் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. தன்னைவிடத் தம்பியின் குரல் பெரிது என்று இருபது வயதில் ஒப்புக்கொள்ள எத்தனை அண்ணன்களால் முடியும்?

1964இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ஃபேன்டசி என்ற ஜாஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். கம்பெனி அவர்களைக் கேட்காமலே 'கோலிவாக்ஸ்' என்று பெயர் மாற்றியது. பாட்டுகள் பெரிதாக எடுபடவில்லை. வியட்நாம் போருக்கு ஆள் எடுத்த நேரம் அது. ஜான் ராணுவத்தின் ரிசர்வ் என்ற துணைப்படைப் பிரிவிலும், டக் கடலோரக் காவலின் ரிசர்வ் பிரிவிலும் போய்ச் சேர்ந்தார்கள். 1967இல் சால் ஸான்ட்ஸ் என்பவர் அந்தக் கம்பெனியை வாங்கினார். குழுவுக்கு நாம் அறிந்த பெயர் வந்தது, கூடவே புது ஒப்பந்தமும் வந்தது. பாட்டுகளின் உரிமை கம்பெனிக்கு. வருடத்துக்கு இத்தனை பாட்டு என்று கணக்கு வைத்துக் கொடுத்தாக வேண்டும். இருபதுகளில் இருந்த பையன்கள் கையெழுத்துப் போட்டார்கள். வெற்றி வந்தால் ஒப்பந்தத்தை மாற்றித் தருவதாக ஸான்ட்ஸ் வாக்குக் கொடுத்திருந்தார் என்று ஜான் பல வருடம் சொல்லிவந்தார். மாறவில்லை.

வெற்றியோ சாதாரணமாக வரவில்லை. 1969 என்ற ஒரே வருடத்தில் மூன்று ஆல்பங்கள். 'ப்ரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'கிரீன் ரிவர்' எல்லாம் அந்த வருடத்தில் வந்தவைதான். 'ஃபார்ச்சுனேட் சன்' பாட்டும் அப்போது வந்தது. அதிகாரம் உள்ளவர் வீட்டுப் பிள்ளை போருக்குப் போகாமல் தப்பிக்கிறான், ஏழை வீட்டுப் பிள்ளை போகிறான் என்ற கோபம் இரண்டே கால் நிமிடத்தில் வெடித்து முடிந்துவிடும். ரிசர்வில் சீருடை போட்டவர் எழுதியது என்பதால் அந்தக் கோபத்தில் பாவனை கிடையாது. 1970இல் 'காஸ்மோஸ் ஃபேக்டரி' ஆல்பம் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, வந்த பாட்டுகள் மட்டும் அங்கே ஒருமுறையும் முதலிடத்தைத் தொடவில்லை. ஐந்து முறை இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டன.

இதெல்லாம் ஜானின் கறாரால் நடந்தது. பாட்டு எழுதுவது, மெட்டு, அமைப்பு, தயாரிப்பு, பாடுவது, தனி கிதார் எல்லாம் அவர். தினமும் பயிற்சி. அவர்கள் பயிற்சி செய்த இடத்துக்குத் தொழிற்சாலை என்று பெயர் வந்தது சும்மா இல்லை. அந்த ஊரில் மற்ற குழுக்கள் போதையில் மிதந்த காலத்தில், இவர்கள் தெளிந்த தலையோடு மேடை ஏற வேண்டும் என்பது சட்டம். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகள் இல்லை. அதே ஒழுங்கில் மற்ற மூவருக்கும் மூச்சு விட இடமும் இல்லை. ரசிகர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் கடைசியில் திரும்ப வந்து ஒரு பாட்டுக்கூட வாசிக்கக் கூடாது என்று ஜான் ஒரு கட்டத்தில் முடிவெடுத்தார். கூட்டம் கத்திக்கொண்டிருக்க, மூவரும் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

வுட்ஸ்டாக் என்ற பெரிய இசை விழாவில் நடந்ததும் இதேதான். 1969 ஆகஸ்டில், நள்ளிரவு தாண்டி இவர்களுக்கு நேரம் கிடைத்தது. கூட்டத்தில் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசிப்பு நன்றாக அமையவில்லை என்று ஜான் அதைப் படத்திலும் இசைத்தட்டிலும் சேர்க்க விடவில்லை. அதனால் உலகம் வெகுகாலம் இவர்கள் அங்கே வாசித்ததையே அறியாமல் இருந்தது. ஐம்பது வருடம் கழித்து, 2019இல் அந்தப் பதிவு முழுதாக வெளிவந்தது. கேட்டுப் பாருங்கள். பிரமாதமாக வாசித்திருக்கிறார்கள். அன்று மற்ற மூவரின் பேச்சைக் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

தன் பாட்டு ஒன்றாவது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த டாம், 1971 தொடக்கத்தில் விலகினார். 1972இல் வந்த கடைசி ஆல்பத்தில் மூவரும் சம பங்கு எழுதிப் பாடினார்கள். அப்படி வேண்டும் என்று தோழர்கள் கேட்டார்கள் என்பது ஜான் தரப்பு. இல்லை, ஜான்தான் எங்களைக் கட்டாயப்படுத்தினார் என்பது ஸ்டூ தரப்பு. விமர்சகர்கள் அந்த ஆல்பத்தைக் கிழித்தார்கள். அந்த வருட அக்டோபரில் குழு கலைந்தது.

அப்புறம்தான் நீங்கள் வீம்பு என்று சொல்லும் காலம். குழு கலைந்தாலும் ஒப்பந்தம் ஜானை விடவில்லை. தன் பழைய பாட்டுகளுக்கான ராயல்டியை விட்டுக்கொடுத்துத்தான் வெளியே வந்தார். நால்வரின் சேமிப்பும் கம்பெனி காட்டிய வழியில் பகாமாஸ் தீவுகளில் இருந்த ஒரு வங்கிக்குப் போயிருந்தது. அந்த வங்கி மூழ்கியது, பணமும் போனது. இப்போது அவர் இடத்தில் நின்று பாருங்கள். மேடையில் 'ப்ரவுட் மேரி' பாடினால் அந்தப் பாட்டுக்கான காசு ஸான்ட்ஸிடம் போகிறது. தான் பெற்ற பிள்ளை இன்னொருவர் வீட்டில் வேலை செய்வதைப் பார்ப்பது போன்ற வலி அது. பாடவில்லை.

1985இல் புதிய ஆல்பத்தோடு திரும்பி வந்து முதலிடம் பிடித்தார். உடனே ஃபேன்டசி வழக்குப் போட்டது. புதுப் பாட்டான 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோட்', தங்களுக்குச் சொந்தமான 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டின் நகல் என்று குற்றச்சாட்டு. இரண்டையும் எழுதியவர் ஜான்தான்! தன்னையே தான் திருடியதாக ஒருவர் கூண்டில் நின்றார். 1988இல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது கிதாரை எடுத்து வாசித்து, இது என் பாணி, என் கை இப்படித்தான் போகும் என்று ஜூரிக்குக் காட்டினார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவைக் கேட்டு அவர் தொடர்ந்து போராட, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. பதிப்புரிமை வழக்கில் செலவுத்தொகையைப் பொறுத்தவரை, வழக்குப் போட்டு ஜெயித்தவரையும் எதிர்த்து நின்று ஜெயித்தவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும் என்று 1994 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. இன்றும் அங்கே சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். இதை வீம்பு என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாட மறுத்ததும் என்றென்றைக்கும் இல்லை. 1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கிளப்பில் பாடகர் பாப் டிலனும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் அவரோடு இருந்தார்கள். நீ பாடாவிட்டால் 'ப்ரவுட் மேரி'யை, அதைத் தானும் பாடிப் பிரபலமாக்கிய டினா டர்னரின் பாட்டு என்றே உலகம் நினைத்துக்கொள்ளும் என்று டிலன் சொன்னாராம். பாடினார். அந்த ஜூலை 4ஆம் தேதி, வாஷிங்டன் பக்கத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக நடந்த நிகழ்ச்சியில் பழைய பாட்டுகளை வரிசையாகப் பாடினார். கம்பெனி மேல் இருந்த கோபத்தை அந்த வீரர்களுக்காக இறக்கி வைத்தார். பிறகு மிசிசிப்பியில் பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் கல்லறைக்குப் போனதைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். இந்த மனிதரின் பாட்டுகள் காகிதத்தில் யாருக்குச் சொந்தமானால் என்ன, அவை ஜான்சனின் பாட்டுகள்தானே என்று அங்கே தோன்றியதாம். தன் பாட்டும் அப்படித்தான் என்று மனம் தெளிந்திருக்கிறது.

ஆனால் தோழர்களிடம் அந்தத் தெளிவு வரவில்லை. காரணம் இருந்தது. டாம், கம்பெனி முதலாளி ஸான்ட்ஸின் பக்கம் நின்றார். மற்ற மூவரும் பாட்டுகளைப் பற்றி முடிவெடுக்கும் தங்கள் உரிமையைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்பது ஜானின் குற்றச்சாட்டு. இங்கேதான் இரண்டு சண்டையும் ஒன்றாயின. கம்பெனியைப் பார்த்த கண்ணாலேயே அண்ணனையும் பார்த்தார். முதுகு அறுவை சிகிச்சையில் ஏற்றிய ரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றி, 1990 செப்டம்பரில் டாம் இறந்தார். 48 வயது. 1993 ஜனவரியில், நீங்கள் சொன்ன அந்தக் கௌரவ மேடையில், அதாவது ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில், ஜான், ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு சேர்ந்து பாடினார். ஸ்டூவுக்கும் டக்குக்கும் அந்த மேடையில் இடமில்லை. பதினான்கு வயதிலிருந்து கூட இருந்தவர்கள். எத்தனை நியாயம் சொன்னாலும் அந்த இரவை என்னால் சரி என்று சொல்ல முடியாது. உங்கள் வருத்தம் அந்த அளவுக்கு நியாயமானதுதான்.

ஃபேன்டசியை 2004இல் வாங்கிய கன்கார்ட் கம்பெனி அவருடைய ராயல்டியைத் திருப்பிக் கொடுத்தது. 2023 ஜனவரியில், 77 வயதில், தன் பாட்டுகளின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கை ஜான் திரும்ப வாங்கினார். 2025இல் தன் மகன்களோடு சேர்ந்து அந்தப் பழைய பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார். கிதார் வாசிக்கும் இரண்டு பையன்கள் பக்கத்தில். டாம் இல்லை.

எப்படிக் கேட்பது என்று கேட்டீர்கள். 1968இல் வந்த முதல் ஆல்பத்தில் 'சூஸி க்யூ' இருக்கிறது, எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். அவர்கள் எழுதியது அல்ல, டேல் ஹாக்கின்ஸ் பாடிய பழைய பாட்டு. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். ஜானின் குரலையும் தனி கிதாரையும் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அடியில் ஒரு கை அலுக்காமல், முன்னுக்கு வராமல், ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போகும். அது டாம்.

அன்புடன்