வீட்டுக்கு எந்த எஸ்பிரஸ்ஸோ மெஷின்? பாலக்கோடு வாசகருக்குப் பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஊர் பாலக்கோடு. எனக்கும் மனைவிக்கும் காலை, மாலை ஃபில்டர் காபிதான். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனும் மருமகளும் சனி, ஞாயிறு வந்தால் கப்புச்சினோ கேட்கிறார்கள். 18,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். ஆன்லைனில் 15 பார், 20 பார் என்று மெஷின்கள் வருகின்றனவே, எது நல்லது? எங்கள் ஊர்த் தண்ணீருக்குத் தாங்குமா? கடைத்தெருவில் வாங்கும் சிக்கரி கலந்த தூளையே போடலாமா?

பதில்: அழுத்தத்தை அளக்கும் இந்தப் பார் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பலர் ஏமாறுவது அங்கேதான். எஸ்பிரஸ்ஸோ (அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி; இதில் நுரைத்த பால் சேர்ந்தால் கப்புச்சினோ) இறங்கத் தேவையான அழுத்தம் சுமார் 9 பார், அவ்வளவுதான். ஆரம்ப கால இத்தாலிய மெஷின்கள் நீராவியை வைத்தே தண்ணீரைத் தள்ளின; அழுத்தம் இரண்டு பாரைத் தாண்டுவதே கஷ்டம். 1940-களின் கடைசியில் அகில்லே காஜ்ஜியாவின் ஸ்பிரிங் லீவர் மெஷின் வந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் பொன்னிற நுரை கோப்பையில் மிதக்க ஆரம்பித்தது. 1961-இல் ஃபேமா நிறுவனத்தின் ஈ61 அந்த வேலையை மோட்டார் பம்பிடம் ஒப்படைத்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் 15-ம் 20-ம் அந்தப் பம்பால் முடிந்த உச்ச அழுத்தம். காபித்தூள் மேல் அவ்வளவு விழுந்தால் காபி கசந்துதான் போகும். நல்ல மெஷினில் அதை 9-க்குப் பக்கத்தில் இறக்கி வைக்க உள்ளே ஒரு வால்வு இருக்கும். ஆக, 20 பார் என்பதற்காக இரண்டாயிரம் கூடக் கொடுக்க வேண்டாம்.

அந்த எண்ணுக்குப் பதிலாக, தூள் போடும் சல்லடைக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்பக்கம் எல்லாவற்றிலும் நிறைய துளைகள் இருக்கும். வெளிப்பக்கம் அடியிலும் அதே மாதிரி நிறைய துளைகள் தெரிந்தால் அது சாதாரணக் கிண்ணம். அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டியது தூளே. அடியில் ஊசிமுனை அளவு ஒரே ஒரு துளை இருந்தால் அது அழுத்தக் கிண்ணம். தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளையே தண்ணீரை மறித்து, பீய்ச்சி, நுரையையும் உண்டாக்கிவிடும். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் மெஷின்களில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான் வரும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பவருக்கு அது குற்றமில்லை. ஆனால் மேலே நிற்கும் நுரையைப் பார்த்து, காபி நன்றாக இறங்கியிருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

இனி உங்கள் வீட்டு விஷயம். தினசரி குடிக்கும் இருவருக்கும் ஃபில்டர் காபி போதும் என்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு பேருக்குக் கப்புச்சினோ. இதற்கு நான் பம்ப் மெஷின் வாங்கச் சொல்ல மாட்டேன். அடுப்பில் வைக்கும் மோக்கா பாட் (கீழே சூடாகும் தண்ணீர் நடுவில் இருக்கும் தூள் வழியே மேல் பாத்திரத்துக்கு ஏறிக் காபியாகும்) ஒன்று, காபிக் கொட்டை அரைக்கக் கையால் சுற்றும் நல்ல கிரைண்டர் ஒன்று, பால் நுரைக்க பேட்டரியில் ஓடும் சின்ன மத்து ஒன்று. மூன்றும் சேர்ந்து பத்தாயிரத்தை ஒட்டி முடிந்துவிடும். அதில் பெரும்பங்கு கிரைண்டருக்குப் போனால் போகட்டும்.

மோக்கா பாட்டில் இறங்குவது எஸ்பிரஸ்ஸோ ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1933-இல் அல்ஃபோன்சோ பியாலெத்தி இத்தாலியில் கொண்டுவந்த இந்தப் பாத்திரத்தில் அழுத்தம் ஒன்றிலிருந்து இரண்டு பார்தான். எஸ்பிரஸ்ஸோவின் கெட்டித்தன்மையோ நுரையோ வராது. ஆனால் நம் முதல் டிகாக்‌ஷனைப்போல் திடமாக இருக்கும். 150 மில்லி பாலில் கலந்தாலும் காபியின் ருசி முன்னால் நிற்கும். பால் காபிக்கு வேண்டியது அதுதானே?

வாங்கும்போது அளவில் கவனம். மோக்கா பாட்டை எப்போதும் முழு அளவுக்குத்தான் போட வேண்டும். பாதித் தூள், பாதித் தண்ணீர் என்றால் சரியாக ஏறாது. ‘3 கப்’ என்று விற்பது அவர்களுடைய குட்டிக் கப் கணக்கு. மொத்தமே 130, 150 மில்லிதான் வரும். தூள் 15 முதல் 18 கிராம் பிடிக்கும். மகனுக்கும் மருமகளுக்கும் இது அளவாக இருக்கும். நீங்களும் சேர்ந்து நால்வர் என்றால் ‘6 கப்’ வாங்குங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் வைப்பதானால் அலுமினியம் உதவாது, எவர்சில்வரில் வாங்குங்கள். கேஸ் அடுப்பில் சின்ன மோக்கா பாட் பர்னர் கம்பிகளுக்கு நடுவே சாய்ந்துவிடும். பாத்திரக் கடையில் கிடைக்கும் வளையத் தாங்கி ஒன்றை மேலே போட்டுக்கொண்டால் கவலையில்லை.

செய்முறை சுருக்கமாக: கீழ்ப் பாத்திரத்தில் வெந்நீரை, பக்கவாட்டில் இருக்கும் பித்தளை வால்வுக்குக் கீழே நிற்கும்படி ஊற்றுங்கள். தூளைக் கிண்ணம் நிறையப் போட்டு விரலால் மட்டம் செய்யுங்கள்; ஃபில்டரில் அமுக்குவதுபோல் அமுக்காதீர்கள். கீழ்ப் பாகம் சுடும் என்பதால் துணியால் பிடித்து இறுக்கி, சிறு தீயில், மூடியைத் திறந்தபடி வையுங்கள். நடுக் குழாயிலிருந்து முதலில் கருப்பாகத் தேன்போல் வழியும். பிறகு நிறம் வெளுக்கும். களகளவென்று சத்தம் வரும் முன்பே இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அந்தச் சத்தம் வரும்வரை விட்டால் கடைசியில் ஏறுவது கசப்புதான். கழுவும்போது அலுமினியத்தில் புளியும் சபீனாவும் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

தூளைப் பற்றிக் கேட்டீர்கள். சிக்கரி கலந்த தூளை மோக்கா பாட்டிலும் போடாதீர்கள், மெஷினிலும் போடாதீர்கள். சட்டப்படி காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; அப்படியென்றால் மீதி 49 வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி சுடுநீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுத்துத் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலிருந்து டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் நம் ஃபில்டரில் அந்தத் தாமதம் நன்மை. அழுத்தத்தில் ஓடும் பாத்திரத்தில் அதுவே அடைப்பு. கடைக்காரரிடம் ‘சிக்கரி இல்லாமல், பீபெர்ரியும் ரொபஸ்டாவும் கலந்து, கொட்டையாகவே கொடுங்கள்’ என்று கேளுங்கள். ரொபஸ்டா என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. நம் ரொபஸ்டா அங்கே எஸ்பிரஸ்ஸோ கலவைகளுக்குத்தான் போகிறது. பாலை எதிர்த்து நிற்கும் உடம்பு அதற்கு உண்டு.

கொட்டையை மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டித் தள்ளும்; பாதி மாவாகும், பாதி ரவையாக நிற்கும். மாவிலிருந்து கசப்பும் ரவையிலிருந்து புளிப்பும் ஒரே டம்ளருக்கு வந்து சேரும். கை கிரைண்டரில் இரண்டு எஃகுப் பற்களுக்கு நடுவே அரைபடுவதால் தூள் ஒரே சீராக விழும். மோக்காவுக்குச் சன்ன ரவையைவிடக் கொஞ்சம் நைஸாக இருந்தால் போதும். வாங்கும்போது மட்டும் ‘எஸ்பிரஸ்ஸோ அளவுக்கு நைஸாக அரைக்குமா’ என்று கேட்டு வாங்குங்கள். நாளைக்கு மெஷின் வாங்க நேர்ந்தால் கிரைண்டரை மாற்ற வேண்டியிருக்காது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரில் என் பட்டறைக்கு வரும் வீட்டு மெஷின்களில் பம்ப் எரிந்து வருபவை குறைவு, உப்புப் படிந்து அடைத்து வருபவைதான் அதிகம். திறந்தால், தண்ணீர் சூடாகும் குழாயின் உட்சுவரில் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படலம் இருக்கும். தட்டினால் சில்லுச் சில்லாக உதிரும். இது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் படிவது. நம் பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு பிரச்சினையும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அதற்காக வந்ததுதான். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மெஷினைக் கெடுப்பது ஃப்ளோரைடு அல்ல, கடினத்தன்மை. பல்லையும் எலும்பையும் கெடுப்பது ஃப்ளோரைடு. கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். அதனால் எந்த வகையில் காபி போட்டாலும் போர் தண்ணீர் வேண்டாம்.

ஒகேனக்கல் தண்ணீர் வீட்டுக்கு வந்தால் அதையே வடிகட்டிப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. வைத்திருந்தால் அதன் டி.டி.எஸ். எண்ணை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பாருங்கள். காபிக்கு 75 முதல் 250 வரை ஏற்றது, 150-ஐ ஒட்டி இருந்தால் மிக நல்லது. 20, 30 என்று காட்டும் தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். சில மெஷின்களில் தண்ணீர்த் தொட்டி சென்சார்கூட ‘தண்ணீர் இல்லை’ என்று அடம்பிடிக்கும். அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் ஒகேனக்கல் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள்.

மோக்கா பாட்டுக்கும் இதில் விலக்கில்லை. அந்தப் பித்தளை வால்வில் உப்பு அடைத்துக்கொண்டால் அது ஆபத்து. நடுவில் சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும் வால்வானால் கழுவும்போது அதை விரலால் உள்ளே தள்ளிப் பாருங்கள். போய்த் திரும்ப வேண்டும். வரவில்லையென்றால் வால்வைச் சரிசெய்யும்வரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பால். கப்புச்சினோவுக்குப் பாலை 60, 65 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இனிப்பு போய்விடும் என்பார்கள், அது சரிதான். ஆனால் அந்த அளவு ஆவின் பாக்கெட் போன்ற பதப்படுத்திய பாலுக்குத்தான். பால்காரர் ஊற்றும் கறந்த பாலை முதலில் பொங்கக் காய்ச்சி, ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, ஆடையை வடித்துவிட்டு மறுபடி இளஞ்சூடாக்கி நுரைக்க வேண்டும். ஆவினில் பச்சைப் பாக்கெட் எடுங்கள், 4.5 சதவீதக் கொழுப்பு, நுரையும் நிற்கும், ருசியும் இருக்கும். மத்தை முதலில் பாலின் மேல்மட்டத்தில் பிடித்துக் காற்றை ஏற்றி, பிறகு அடியில் இறக்கிச் சுழற்றினால் பெரிய குமிழ்கள் உடைந்து நுரை சன்னமாகும். மெஷினில் நீராவிக் குழாயால் அடிக்கும் பட்டுப்போன்ற நுரை இதில் வராது. மகன் இதைக் குறையாகச் சொன்னால் அவர் சொல்வது நியாயமே.

மற்ற வகைகளைப் பற்றி: மூன்று, நான்காயிரத்தில் கண்ணாடிக் குடுவையோடு வரும் நீராவி மெஷின்களில் பம்ப் கிடையாது. கொதிக்கும் தண்ணீர் தூளைக் கருக்கிவிடும். அந்தக் காசுக்கு மோக்கா பாட்டே மேல். கேப்ஸ்யூல் மெஷின் சுத்தம், சுலபம். ஆனால் ஒரு கேப்ஸ்யூலுக்குள் 5, 6 கிராம் தூள்தான் இருக்கும், விலையோ டீக்கடைக் காபியைத் தாண்டும், தீர்ந்தால் பாலக்கோட்டுக் கடைத்தெருவில் கிடைக்காது. கொட்டையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் காபி தரும் முழுத் தானியங்கிகள் உங்கள் பட்ஜெட்டில் இல்லை, இருந்தாலும் வாரக் கடைசிக்கு அது அதிகம்.

கையால் அழுத்தும் லீவர் கருவிகளைத் தள்ளிவிட மாட்டேன். ஃப்ளேர் போன்றவற்றில் மின்சாரமே வேண்டாம், ஒரு கெட்டில் வெந்நீர் போதும். 9 பாரும் வரும். கரண்ட் போனாலும் காபி நிற்காது. உப்பு அடைக்க உள்ளே பாய்லரும் இல்லை. ஆனால் பால் நுரைக்க வழியில்லை, ஒவ்வொரு கோப்பைக்கும் கருவியைச் சூடேற்றிக் கழுவ வேண்டும். பால் சேர்க்காமல் எஸ்பிரஸ்ஸோவை அப்படியே குடிக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

ஒருவேளை மகன் இங்கேயே வந்து தங்கி, தினமும் இரண்டு, மூன்று கப்புச்சினோ என்றாகிவிட்டால் பம்ப் மெஷினுக்குப் போகலாம். கிரைண்டர் ஏற்கெனவே இருப்பதால் 10,000, 12,000 மெஷினுக்கு மட்டும். சாதாரணக் கிண்ணமும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். 18 கிராம் தூள் போட்டால் 25, 30 விநாடியில் 36 கிராம் காபி இறங்க வேண்டும் என்பது பழகுவதற்கு ஓர் ஆரம்பக் கணக்கு. மெஷின் 1,350 வாட் அளவுக்கு இழுக்கும். அதனால் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள், இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம். தினம் 20 நிமிடம் ஓடினாலும் மாதம் 14 யூனிட்டுக்குள் அடங்கும். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவானால் ஸ்டெபிலைசர் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உப்பு நீக்க வேண்டும். கம்பெனி திரவம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓட்டி, பிறகு இரண்டு தொட்டி வெறும் தண்ணீர் ஓட்டுங்கள். கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். வினிகர் வேண்டாம், வாடை போகவே போகாது.

எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் ஒன்றை விசாரியுங்கள்: ரப்பர் கேஸ்கெட் தனியாகக் கிடைக்குமா, பழுது வந்தால் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்களா? மோக்கா பாட்டிலும் கேஸ்கெட் ஒரு நாள் இறுகி வெடிப்பு விடும். அதே கம்பெனி, அதே அளவு கேஸ்கெட் இரண்டைச் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.